கிண்டிக்குப் போன இளந்தாய்: பொறியியலாளர் அ. லலிதா (1919–1979)

நூற்றாண்டு மலருக்கு மறைந்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் ஒரு வைத்தியரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், இனியும் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டவரோ, வைத்தியத்துறை தனக்குச் சரிவராது என்று யோசித்து ஒதுக்கிவிட்டு வேறு வழியால் போனவர். இந்தியாவின் முதற் பெண் பொறியியலாளர் என்று இன்று அறியப்படும் அ. லலிதா அவர். அய்யலசோமயாஜுல லலிதா என்பது முழுப்பெயர். தாய்மொழி தெலுங்கு, பிறந்ததும் படித்ததும் சென்னையில்.

1919 ஆவணி மாதம், ஆகஸ்ட் 27ஆம் திகதி, அவர் பிறந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், ஜூன் மாதத்தில், இலண்டனில் பெண் பொறியியலாளர் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. முதலாம் உலகப்போரில் ஆண்கள் களத்துக்குப் போக, தொழிற்சாலைகளில் வேலை பழகிய பெண்கள், போர் முடிந்ததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு இணங்காத சிலர் சேர்ந்து உண்டாக்கிய சங்கம் அது. அந்தச் சங்கத்தோடு லலிதாவுக்குத் தொடர்பு ஏற்பட நாற்பத்தைந்து வருடங்கள் இருந்தன.

ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது பிள்ளை. தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். படித்த வீடு, நடுத்தர வருமானம். ஆனாலும் அந்தக் காலத்து நியாயம்தான் அந்த வீட்டிலும் நடந்தது. ஆண்பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். பெண்பிள்ளைகள் அடிப்படைப் படிப்போடு நின்று கலியாணம் செய்தார்கள். லலிதாவுக்கு 1934இல், பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. 1930இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் ஆகக் குறைந்த வயதைப் பதினான்கு என்று வைத்திருந்தபடியால் சட்டத்துக்கு விரோதமான கலியாணம் அல்ல. கலியாணத்தின் பின்னும் பத்தாம் வகுப்பு வரை படிக்க விட வேண்டும் என்பதில் தகப்பனார் உறுதியாக இருந்தார். பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு உறுதிதான் கால்கோள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இல்லாத ஒரு விதவைக்கு 1937இல் எந்தக் கல்லூரிக் கதவும் திறந்திருக்காது.

1937இல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதமானபோது கணவர் காலமானார். லலிதாவுக்கு வயது பதினெட்டு.

இன்றைய பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சென்னையில், அவர் பிறந்தது போன்ற ஒரு குடும்பத்தில், பதினெட்டு வயது விதவையென்றால் தலையை மழிப்பது, ஒற்றைச் சேலை, ஒரு நேரச் சாப்பாடு, நல்ல காரியங்களில் முகம் காட்டாமல் உள்ளறையில் ஒடுங்குவது என்று ஒரு வாழ்க்கை வகுத்து வைக்கப்பட்டிருந்தது. புகுந்த வீட்டில் இருப்பது கடினமாயிற்று. லலிதா குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். சுப்பாராவ் மகளை அந்த வழமைகளுக்குள் தள்ளவில்லை. மறுமணமும் பேசப்படவில்லை, அவர் பிறகும் செய்துகொள்ளவில்லை. சொந்தக் காலில் நிற்பதற்கு ஒரு தொழில் வேண்டும் என்பதே கேள்வியாயிற்று.

அந்தக் கேள்விக்கு அன்று இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று ஆசிரியத் தொழில். சிறு வயதிலேயே விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்குச் சென்னையில் இல்லம் நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக்கிக்கொண்டிருந்தார். மற்றது வைத்தியம். பெண் வைத்தியர்களுக்குத் தேவையும் மதிப்பும் இருந்தன. வழியும் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. லலிதா வைத்தியத்தை யோசித்தார். யோசித்துவிட்டு வேண்டாமென்றார். காரணம் மிகச் சாதாரணமானது: வைத்தியரை நடு இரவிலும் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. இரவில் தாயும் இல்லாமற் போகக்கூடாது. வேலை காலையில் தொடங்கி மாலையில் முடிய வேண்டும். மற்ற நேரமெல்லாம் மகளுக்கு.

இதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பெண் பொறியியலாளரின் கதையென்றால் சிறுவயது முதலே இயந்திரங்களில் ஆசை, கனவு, போராட்டம் என்று எதிர்பார்த்திருந்தேன். இங்கே ஒரு தாய் கடமை நேர அட்டவணையைப் பார்த்துத் தொழிலைத் தெரிவு செய்கிறாள்! ஆனால் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவருடைய கணக்கு மிகச் சரி. என் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது இரவு இரண்டு மணிக்கு வாட்டிலிருந்து அழைப்பு வரும். அவளைத் தூக்கத்தோடு அம்மாவின் பாயில் கிடத்திவிட்டுப் போவேன். எனக்கு அம்மா இருந்தார்; கணவரும் இருந்தார். லிங்கநகரிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் இளந்தாய்மாரை, போர்க்காலத்திலும் கடற்கோளின் பின்னும் இன்றும், கிளினிக்கில் காண்கிறேன். அவர்களில் எவளும் தொழில் தேடும்போது முதலில் கேட்பது சம்பளத்தையல்ல. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான். லலிதாவின் கேள்வியும் அதுவே. அது பெரிய கனவுகளுக்குக் குறைந்த கேள்வியென்று நான் நினைக்கவில்லை.

சென்னை இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன என்பதற்கு விடை வீட்டிலேயே இருந்தது. தகப்பனார் மின்பொறியியலாளர், சகோதரர்களும் பொறியியல் படித்தவர்கள். சாப்பாட்டு நேரத்துப் பேச்சே அதுவாக இருந்திருக்கும். கிண்டியில் மின்பொறியியல் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் கிண்டியில் அதுவரை ஒரு பெண்ணும் படித்ததில்லை.

கிண்டிக் கல்லூரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பெயர்பெற்ற தொழினுட்பப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு முந்தியது அதன் வேர். 1794இல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டொப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் அது. சூரிச் பொலிரெக்னிக் தொடங்கியதோ 1855இல். அளவைப் பள்ளி 1859இல் பொறியியற் கல்லூரியாகி, 1894இல் இயந்திரப் பொறியியலைச் சேர்த்து, 1920இல் கிண்டிக்கு இடம்மாறி, 1930இல் மின்பொறியியலைத் தொடங்கியது. வயதில் மூத்த கல்லூரிதான். ஆனால் பெண்களைச் சேர்ப்பதில் சூரிச் மிகவும் முந்திக்கொண்டது; 1871இலேயே ருஷ்யாவிலிருந்து போன ஒரு பெண் அங்கே இயந்திரப் பொறியியலுக்குப் பதிவு செய்தார். பேர்லினிலோ நிலைமை வேறு. பிரஷ்யாவின் தொழினுட்பக் கல்லூரிகள் பெண்களை முறையாகச் சேர்த்தது 1909இல். ருமேனியாவைச் சேர்ந்த எலிசா லியோனிடா சொந்த நாட்டில் இடம் கிடைக்காமல் பேர்லின் சார்லொட்டன்பேர்க்கில் சேர்ந்து 1912இல் பொறியியலாளராக வெளியேறினார். ஆகவே 1940இல் கிண்டியில் ஒரு பெண் விண்ணப்பித்தது உலகத்துக்குப் புதுமையல்ல. நம் பக்கத்துக்குத்தான் புதுமை.

சுப்பாராவ் அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர் என்பது பெரிய அனுகூலம். அதை மறைக்கத் தேவையில்லை. அவர் அதிபர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்விப் பணிப்பாளர் ஆர். எம். ஸ்டாதமிடம் அனுமதி கோரினார். இருவரும் இணங்கினார்கள். சட்டத்தில் தடையொன்றும் இருக்கவில்லை. யாரும் கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நான் இதை எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறேன். பூட்டியிருக்கிறது என்று எல்லோரும் நம்பும் கதவு, தள்ளினால் திறக்கும். ஆனால் தள்ளுவதற்கு உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. பேராசிரியருடைய மகளாக இல்லாத ஒரு பதினெட்டு வயது விதவை என்ன செய்திருப்பாள் என்று யோசிக்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

1940இல் நான்கு வருட மின்பொறியியற் படிப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். சக மாணவர்கள் அவரை மரியாதையாகவே நடத்தினார்கள், தொந்தரவு இருக்கவில்லை. அவருக்கெனத் தனியாக விடுதி வசதி செய்து கொடுத்தது கல்லூரி. குழந்தையை ஒரு சகோதரரின் குடும்பம் பார்த்துக்கொண்டது. வார இறுதியில் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பிள்ளைக்காகத் தெரிவு செய்த படிப்பே, படித்து முடியும் வரை பிள்ளையிடமிருந்து பிரித்தும் வைத்தது. மூன்று வயதுப் பிள்ளை ஞாயிறு மாலை தாயை அனுப்புவது என்னவென்று தாய்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆண்கள் தொல்லை தரவில்லை. தனிமைதான் தொல்லை தந்தது. பேச ஒரு பெண் இல்லாத விடுதி. மகள் சோர்வதைக் கண்ட சுப்பாராவ் அடுத்ததாகச் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பொறியியற் படிப்பு பெண்களுக்கும் திறந்திருக்கிறது என்பதைக் கல்லூரி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று அவர் நிர்வாகத்தை இணங்கச் செய்தார். அடுத்த வருடமே இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். லீலம்மா ஜோர்ஜ், பி. கே. திரேசியா. இருவரும் இன்றைய கேரளத்தைச் சேர்ந்தவர்கள். எடுத்தது குடிசார் பொறியியல். ஒரு பெண்ணின் தனிமையைத் தீர்க்கப் போய் ஒரு வழியே உண்டாயிற்று.

அது போர்க்காலம். நம் ஊர்ப் பெரியவர்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதியை மறந்ததில்லை. யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டு, சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டு வழியால் ஓடிய நாள் அது. அதே வாரத்தில் வங்காள விரிகுடாவின் மறுகரையிலும் பயம். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்திருந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே அத்தியாவசிய வேலையில்லாதவர்களை வெளியேறச் சொல்ல, நகரம் பாதி காலியானது. நம் பாட்டிமார் இங்கே ஓடிய அதே நாட்களில் அங்கே கிண்டியில் மூன்று பெண்கள் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார்கள். போரில் பொறியியலாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் படிப்பின் காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டது. அதனால் ஒரு வருடம் முன்னதாகச் சேர்ந்த லலிதாவும் பின்னால் வந்த இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்திலேயே பட்டதாரிகளானார்கள்.

பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடிக்கப்பட்டிருந்தது. அதில் அவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேனையால் வெட்டி, அவள் என்பதை மேலே எழுதிக் கொடுத்தார்கள். புதிதாக ஒன்றை அச்சடிக்கும் அளவுக்கு யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பட்டத்தோடு செய்முறைப் பயிற்சியும் கட்டாயம். அதற்காக அவர் பீகாரிலுள்ள ஜமால்பூர் ரயில்வே வேலைத்தலத்துக்குப் போனார். 1862இல் நிறுவப்பட்ட அது, நீராவி இயந்திரங்களைத் திருத்துவதிலும் கட்டுவதிலும் இந்தியாவுக்கே முன்னோடி. சென்னையிலிருந்து வெகுதூரம், வேறு மொழி, எண்ணெயும் புகையும் இரும்புச் சத்தமும். சேலை கட்டிய இருபத்து நான்கு வயதுப் பெண் அங்கே ஒரு வருடம் பயிற்சியில் இருந்தார்.

அதன் பிறகு சிம்லாவில் மத்திய நியமங்கள் அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. அங்கே ஒரு சகோதரரின் குடும்பம் இருந்தது. மகளும் தாயும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். 1946 முடியும் வரை அந்த வேலையில் இருந்துவிட்டு, தகப்பனாரின் ஆராய்ச்சிக்குத் துணையாகச் சென்னைக்குத் திரும்பினார். சுப்பாராவ் கற்பனை மிகுந்த மனிதர். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லாத அடுப்பு, மின் சுவாலை உண்டாக்கும் கருவி என்று பலவற்றில் ஈடுபட்டிருந்தார். புகையில்லாத அடுப்பு என்றதும் என் மனம் இருமலோடும் எரியும் கண்ணோடும் வரும் நம் கிராமத்துத் தாய்மாரிடம் போகிறது. அதை ஒரு பேராசிரியர் 1947இல் ஒரு பிரச்சினையாகக் கண்டது நல்ல விடயம். ஆனால் ஆராய்ச்சி சோறு போடாது. ஏறக்குறைய ஒன்பது மாதங்களின் பின் லலிதா மறுபடியும் வேலை தேடினார்.

1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் பொறியியற் பிரிவில் சேர்ந்தார். அங்கும் இன்னொரு சகோதரரின் வீடு இருந்தது என்பதும் ஒரு காரணம். கவனித்துப் பாருங்கள்: சென்னை, சிம்லா, கல்கத்தா என்று அவர் போன ஊரிலெல்லாம் ஒரு சகோதரரின் வீடும் ஓர் அண்ணியும் இருந்தார்கள். கல்கத்தா வீட்டில் மகளின் வயதை ஒத்த பிள்ளையும் இருந்தான். இரண்டும் ஒன்றாக வளர்ந்தன. லலிதா வேலைக்குப் போன பகல்களில் அவருடைய பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கைகள் அந்த அண்ணிமாருடையவை. அவர்களைப் பற்றி எவரும் மலர் வெளியிடுவதில்லை. முதற் பெண் பொறியியலாளர் என்ற பட்டத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கல்கத்தா அலுவலகத்தில் அவர் செய்த வேலையென்ன? ஆற்றோரத்திலோ அணையடியிலோ உண்டாகும் மின்சாரம் பல நூறு மைல் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போக வேண்டும். உள்ளபடியே அனுப்பினால் கம்பியின் சூட்டிலேயே பெரும்பங்கு வீணாகிவிடும். ஆகவே டிரான்ஸ்போமர் மூலம் வோல்ற்றளவை மிக உயர்த்தி, ஓடும் மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். ஊருக்குக் கிட்ட, உபநிலையத்தில், மறுபடி படிப்படியாக இறக்குகிறார்கள். வழியில் மரம் முறிந்து விழுந்தாலோ இடி விழுந்தாலோ, கண் இமைக்கும் நேரத்தில் அந்தத் துண்டை மட்டும் துண்டித்து மற்றதைக் காப்பாற்றும் கருவிகளும் வேண்டும். கம்பித் தொடரை எப்படி அமைப்பது, உபநிலையத்தில் எதை எங்கே வைப்பது, பாதுகாப்புக் கருவிகளை எப்படி இணைப்பது என்பவற்றை வரைந்து கணக்கிடுவதுதான் லலிதாவின் வேலை. குப்பிவிளக்கில் பரீட்சைக்குப் படித்த நம் தலைமுறைக்கு, சுவிச்சைப் போட்டதும் வெளிச்சம் வருவதன் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறதென்று சொன்னால் விளங்கும்.

அவருடைய மேசைக்கு வந்த வேலைகளில் பெரியது பக்ரா நங்கல். சத்லஜ் ஆற்றின் குறுக்கே 226 மீற்றர் உயரத்துக்கு எழுந்த கொங்கிறீற்று அணை பக்ரா. 1963 ஒக்டோபரில் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் மின்பிறப்பாக்கிகள் சார்ந்த வேலையில் லலிதா பங்குகொண்டார். வரலாற்றைக் கொஞ்சம் ஒப்பிட்டால், நம் நாட்டின் முதலாவது பெரிய நீர்மின் நிலையமான லக்சபான 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. இரு நாடுகளும் சுதந்திரமடைந்து வெளிச்சம் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றங்கரை வேலைத்தலங்களில் நின்றவர் அல்லர் லலிதா. ஒரு விதவை தனியே தூரப் பயணம் செய்து தங்குவது அன்று இலகுவல்ல. அவருடைய களம் வரைபட மேசை. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்ததா என்பதைவிட, மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்ற முதல் நிபந்தனையை அந்த மேசை காப்பாற்றியது என்பதே என் கண்ணில் படுகிறது. பின்னாளில் அந்த நிறுவனம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியோடு சேர்ந்தது. பெயர் மாறியது, லலிதா மாறவில்லை. சுமார் முப்பது வருடங்கள் அதே இடத்தில் வேலை செய்தார்.

தொழில் உலகம் அவரை மெல்ல மெல்லவே கவனித்தது. இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964 ஜூனில் நியூயோர்க்கில் பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. 35 நாடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். இந்தியாவில் அப்படியொரு சங்கமே இருக்கவில்லை, அனுப்புவதற்கும் ஆளில்லை. லலிதா தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். கிண்டியில் நூற்றுக்கணக்கான ஆண்களிடையே தனியாக இருந்தவர், இருபது வருடம் கழித்து நூற்றுக்கணக்கான பெண் பொறியியலாளர்களிடையே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம், அவர் பிறந்த அதே வருடத்தில் பிறந்த இலண்டன் பெண் பொறியியலாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்காக இந்தியாவில் பெண் பொறியியலாளர்களைத் தேடித் தொடர்புகொண்ட பிரதிநிதி அவரே. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்களை ஒருவருக்கொருவர் தெரியச் செய்தார். தகப்பனார் அவருக்காக முன்னர் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய கிண்டித் தோழிகளும் சோடை போகவில்லை. திரேசியா கேரளப் பொதுவேலைத் திணைக்களத்தில் படிப்படியாக உயர்ந்து 1971இல் பிரதம பொறியியலாளரானார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதற் பெண் அவர். லீலம்மாவும் திருவிதாங்கூர்ப் பொதுவேலைத் திணைக்களத்தில் பொறியியலாளராகச் சேர்ந்தார். நம் நாட்டில் பொறியியற் பீடம் தொடங்கியதே 1950இல். அதிலிருந்து பட்டம் பெற்ற முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை. அது 1960களின் நடுப்பகுதியில். லலிதாவுக்கும் அவருக்கும் இடையே ஏறக்குறைய இருபது வருடங்கள். நான் உயர்தரம் படித்தபோது நம் கல்லூரியில் கணிதப் பிரிவுக்குப் போனவர்கள் ஒரு வாங்குக்குள் அடங்கிவிட்டார்கள். உயிரியற் பிரிவிலோ உட்கார இடமில்லை. பெண்பிள்ளைக்கு வைத்தியம்தான் பாதுகாப்பான தொழில் என்று பெற்றோர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். இரவுக் கடமை முடிந்து காலையில் லிங்கநகர் வீதியால் வீட்டுக்கு நடக்கும்போது, இந்த விடயத்தில் 1938ஆம் ஆண்டின் ஓர் இளந்தாய் நம் பெற்றோரைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறாள் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

மகள் வளர்ந்து, படித்து, கலியாணமாகிப் போனார். லலிதா 1977இல் ஓய்வு பெற்றார். அவர் படித்த கல்லூரி 1978இல் புதிதாக உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. ஓய்வின் பின் தென்னிந்தியாவில் சகோதரியுடன் ஊர்கள் பார்க்கச் சிறிது காலம் கிடைத்தது. பிறகு மூளையின் இரத்தக் குழாயில் ஏற்படும் அனூரிசம் என்னும் வீக்கம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன் போலப் புடைப்பது இந்த நோய்; வருடக்கணக்காக ஒரு குறியும் காட்டாமல் இருந்துவிட்டு ஒரு நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஸ்கேன் வசதிகள் பரவலாக வராத காலம். சில வாரங்கள் வைத்தியசாலையில் இருந்து, 1979 ஒக்டோபர் 12ஆம் திகதி, அறுபதாவது வயதில் அவர் காலமானார்.

— ஒரு பழைய மாணவி, வைத்தியர்
லிங்கநகர், திருகோணமலை